கேம் ஓடும்போது தாங்குகிறது, சும்மா இருந்தால் விழுகிறது: முதல் பிசி, முதல் ஓவர்கிளாக்

வெண்ணாற்றுக்கரை
ஜனவரி 28, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பொங்கல் கழிந்த கையோடு முதல் கேமிங் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600 சிபியு, பி550எம் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ டிஸ்க், கரண்ட் கொடுக்க 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட். பாதி சாமான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது, பாதி ஆன்லைன். அறுபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது.

காலை ஒன்பதுக்குப் பாயை விரித்து உட்கார்ந்தவன், எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் எல்லாம் சுற்றியது, திரையில் ஒன்றுமே வரவில்லை. அரை மணி நேரம் வயிறு கலங்கியது. கடைசியில் பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறேன். 5600இல் கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டில்தான் செருக வேண்டும் என்று படித்திருந்தும் கை அங்கேதான் போயிற்று. ராமையும் முதல் இரண்டு ஸ்லாட்டில் போட்டிருந்தேன், பிறகு இரண்டாவது நான்காவதுக்கு மாற்றினேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை. போர்டின் செட்டிங்கான பயாஸில் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். சிபியுவின் வேகத்தை ஏற்றும் பிபிஓவில் பூஸ்ட் +200 மெகாஹெர்ட்ஸ், வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் சிபியுவின் ஆறு கோருக்கும் -30. சிபியுவைச் சோதித்து மார்க் போடும் சினிபெஞ்ச் ஆர்23இல் 10,900க்குப் பக்கம் இருந்தது 11,500 ஆயிற்று. அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினேன், அசையவில்லை. மூன்று மணி நேரம் கேம் ஆடினாலும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் யூடியூப் பார்க்கும்போதும், டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போதும் பொசுக்கென்று ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரை கூட வருவதில்லை. ஒரு வாரத்தில் நான்கு தடவை. பாரம் ஏற்றினால் நிற்கிறது, இறக்கி வைத்தால் விழுகிறது. இது என்ன கூத்து?

இன்னொன்று. வெறுங்காலோடு நின்று கேபினட் ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறுகிறது. அம்மா பக்கத்திலேயே வருவதில்லை. எங்கள் லைனில் பம்ப்செட் ஓடும் நேரம் வோல்டேஜும் இறங்கும். எல்லாம் ஒரே நோயா?


கும்மோணத்தான்
ஜனவரி 28, இரவு 11:52

வாழ்த்துகள் தம்பி. 550 வாட் என்று எழுதினீர்களே, பெட்டியில் எழுதியதா, உள்ளே இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நான் கல்லூரி நாளில் வாங்கிய ஒன்றில் வெளியே 450 வாட் என்று கொட்டை எழுத்து, உள்ளே 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட். சிபியுவும் கார்டும் சாப்பிடுவது முழுக்க 12 வோல்ட்டில்தான். என் கணிப்பு எஸ்எம்பிஎஸ்.


வயர்மேன் மாயூரம்
ஜனவரி 29, காலை 6:35

ரீஸ்டார்ட் பற்றி எனக்குத் தெரியாது. அந்த ஜிவ்வு எனக்குத் தெரியும், இருபது வருடமாக அதுதான் என் பிழைப்பு. உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை தம்பி.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் பேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு குட்டி கெப்பாசிட்டர். எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட் பாடி 230இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். ஓடுகிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், ஆளைக் கொல்லாது. ஆனால் என்றைக்காவது உள்ளே பேஸ் ஒயரே பாடியில் பட்டால், காப்பாற்ற எர்த் இருக்காது. அதுதான் பயம்.

மூன்று ஓட்டை இருப்பதை வைத்து எர்த் இருப்பதாக நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. சிலர் கெட்டிக்காரத்தனமாக நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து முடிந்து வைத்திருப்பார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு பேஸும் உங்கள் கேபினட்டுக்கு வந்துவிடும்.

உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிகிற அளவுக்குப் பளிச்சென்று எரிய வேண்டும். கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஆர்சிசிபி வைத்த வீடாக இருந்தால் அது டக்கென்று விழும், அதுவே நல்ல சகுனம்தான்.


ஃபிரேம்வேட்டை
ஜனவரி 29, காலை 9:10

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு கேள்வி. எதற்கு இந்த ஓவர்கிளாக்? ஆர்எக்ஸ் 6600 வைத்துக்கொண்டு 1080பி திரையில் கேம் செட்டிங் எல்லாவற்றையும் ஹையில் தள்ளினால், மூச்சு வாங்குவது கார்டு, சிபியு இல்லை. சினிபெஞ்ச்சில் அறுநூறு பாயிண்ட் ஏறியதே, கேமில் எத்தனை ஃபிரேம் ஏறியது? நான் அளந்து பார்த்தவரை இரண்டு மூன்று. அந்த இரண்டு ஃபிரேமுக்காக வாரத்துக்கு நான்கு ரீஸ்டார்ட்.

எக்ஸ்எம்பி வேறு கதை. அதை ஆன் செய்யாமல் 3200 ராமை 2400இல் ஓட்டுகிற புண்ணியவான்கள் பாதிப் பேர். அது மட்டும் போதும் என்பேன்.


வெண்ணாற்றுக்கரை
ஜனவரி 29, மதியம் 1:05

கும்மோணத்தான் அண்ணா, ஸ்டிக்கர் பார்த்தேன். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், இன்புட் 100–240 வோல்ட்.

ஃபிரேம்வேட்டை, கேமில் ஏறியது நீங்கள் சொன்னதேதான். ஆனால் கையில் கொடுத்த நம்பரைத் திருகிப் பார்க்காமல் எப்படி இருப்பது? முதல் சைக்கிள் வாங்கியவன் ஸ்டாண்ட் போட்டுப் பெடலைச் சுற்றிப் பார்க்காமல் இருப்பானா?


குடமுருட்டி
ஜனவரி 29, இரவு 8:40

45 ஆம்பியர் என்றால் 540 வாட். எஸ்எம்பிஎஸ் நல்லதுதான். 5600 ஓவர்கிளாக் இல்லாமல் 76 வாட்டுக்கு மேல் எடுக்காது, 6600 கார்டு 132 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தொடாது. நூறு வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் என்று எழுதியிருப்பதால் பம்ப்செட் நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது சமாளித்துவிடும். கரண்ட்டைக் கொஞ்சம் கூட இழுக்கும், அவ்வளவுதான். 200–240 என்று மட்டும் எழுதியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

தம்பி, உங்கள் நோய் -30. சினிபெஞ்ச் பாஸாகிவிட்டதே என்று கேட்பீர்கள். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தஞ்சாவூரில் என் கடைக்கு இதே புகாரோடு வந்த பெட்டிகளை எண்ணினால் ஒரு கை பத்தாது.

கர்வ் ஆப்டிமைசர் என்ன செய்கிறது? ஒவ்வொரு வேகத்துக்கும் சிபியு கேட்கிற வோல்டேஜைக் கீழே இறக்குகிறது. ஒரு புள்ளிக்கு மூன்றிலிருந்து ஐந்து மில்லிவோல்ட். ஆறு கோரும் சேர்ந்து வேலை செய்யும்போது பவர் லிமிட் தடுக்கும், ஒவ்வொன்றும் 4.3, 4.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கம் அடக்கமாக நடக்கும். வேலை இல்லாத நேரத்தில் யூடியூப் ஒரு சின்ன வேலையைக் கொடுத்தால், ஒரே ஒரு கோர் எழுந்து 4.65க்குத் தாவும். அந்த உச்சிக்குத்தான் வோல்டேஜ் அதிகம் தேவை. அங்கேதான் நீங்கள் குறைத்தும் வைத்திருக்கிறீர்கள். ஆறு பேர் வரிசையாக நின்று நாற்று நடும்போது யாரும் விழுவதில்லை, ஒருவர் மட்டும் வரப்பில் ஓடும்போதுதான் வழுக்குகிறது.

யூகம் வேண்டாம், சாட்சி இருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் லாகில் ஹார்டுவேர் பிழையைப் பதியும் டபிள்யூஎச்இஏ லாகர், ஈவென்ட் 18 இருக்கிறதா பாருங்கள். உள்ளே ப்ராசசர் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். அதை எழுதுங்கள்.


வெண்ணாற்றுக்கரை
ஜனவரி 30, இரவு 10:15

நான்கும் இருக்கின்றன. கேஷ் ஹையரார்க்கி எரர் என்று எழுதியிருக்கிறது. ஐடி மூன்று இடத்தில் 4, ஒரு இடத்தில் 5.

எலக்ட்ரீஷியன் மாமா மாலை வந்தார். பிளக் பாக்ஸைக் கழற்றினோம். பச்சை ஒயர் சுவருக்குள்ளிருந்து வருகிறது, நுனியை மடித்து இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாகச் சொருகி வைத்திருக்கிறது. வீடு கட்டிய காலத்திலிருந்து அப்படியே. டேப்பைப் பிரித்தால் செம்பு புதுசாக மின்னுகிறது. டெர்மினலில் முடுக்கிவிட்டு ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.


குடமுருட்டி
ஜனவரி 30, இரவு 10:48

5600இல் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட். ஐடியை இரண்டால் வகுத்து மீதியை விட்டால் கோர் எண். 4, 5 இரண்டும் கோர் 2தான். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள். அது உங்கள் சிப்பின் நல்ல கோர்களில் ஒன்றாகத்தான் இருக்கும். நல்ல கோர் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் வேகமாக ஓடுகிறது, அதற்கு மேல் குறைக்க அதனிடம் இடம் இருக்காது. சுமாரான கோர் -30ஐ அலட்சியமாகத் தாங்கும்.


கும்மோணத்தான்
ஜனவரி 30, இரவு 11:02

சரி, எஸ்எம்பிஎஸ் வாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி முறையாகச் செய்யுங்கள். ஆல் கோரை விட்டுவிட்டுப் பெர் கோர் எடுங்கள். கோர் 2க்கு -10, மற்றவற்றுக்கு -20. அப்புறம் கோர்சைக்ளர் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது. அது ஒவ்வொரு கோராக எடுத்துத் தனியாக வேலை வாங்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் எந்த கோர் விழுந்தது என்று எழுதி வைத்திருக்கும். விழுந்ததை ஐந்து ஐந்தாக மேலே ஏற்றுங்கள். ஒரு வாரம் பிடிக்கும். +200ஐயும் +100 ஆக்கிவிட்டால் பாதி தலைவலி போய்விடும், கண்ணுக்குத் தெரிகிற நஷ்டமும் கிடையாது.

பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வாரண்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. பிபிஓவை ஆன் செய்து அதனால் சிபியு போனால் வாரண்டி கிடையாது என்று ஏஎம்டி எழுதியே வைத்திருக்கிறது. தெரிந்து செய்யுங்கள்.


பாபநாசத்துப் பையன்
பிப்ரவரி 2, மாலை 5:30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் வாங்கப் போகிறேன். சிபியு சாக்கெட்டில் புதிய ஏஎம்5 போகாமல் ஏன் பழைய ஏஎம்4? அப்புறம் ஏ520 போர்டு விலை குறைவாக இருக்கிறதே, அது போதாதா?


ஃபிரேம்வேட்டை
பிப்ரவரி 2, மாலை 6:12

ஏஎம்5இல் டிடிஆர்5 ராம் மட்டும்தான் போகும். போர்டும் ராமும் சேர்ந்து இழுக்கிற பணத்தைக் கார்டில் போட்டால் கேமில் தெரியும். பணம் இருந்தால் ஏஎம்5, பின்னால் சிபியு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏ520இல் சிபியு ஓவர்கிளாக் கிடையாது. என் கட்சிக்காரர்களுக்கு அதுவே போதும்.


வேதை உப்பு
பிப்ரவரி 4, இரவு 9:25

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி போட்டோ போடவில்லை என்றாலும் கேட்கிறேன்: கேபினட் முன்பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி ஃபேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வயல். சரியா?

அப்படியென்றால் ராத்திரி அந்த விளக்கை அணைத்து வையுங்கள். பயிர் நிற்கும் நாளில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும், மழை விட்ட மறுநாள் ஈசல் வரும். என் பழைய கேபினட்டில் முன் ஃபேன் வானவில் மாதிரி எரிந்தது. ஒருநாள் கழற்றினால் கூலரின் தகடுகளுக்கு இடையில் இறக்கைகள், பொரி மாதிரி அடைத்துக்கொண்டு. அந்தப் பூச்சியைத் தின்ன ஒரு பல்லி. பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போனது, வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸும் வரவில்லை. பின்பக்கம் பிசிஐ ஸ்லாட் மூடிகளைக் கழற்றிவிட்டு ஓட்டையாகவே விட்டிருந்தேன், அது என் புத்தி.

எங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. கஜா புயலுக்கு அப்புறம், 2018 கார்த்திகையில், வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பெட்டி மூடியே கிடந்தது. திறந்தால் கேபினட் ஸ்க்ரூ முழுக்கத் துரு, போர்டின் யுஎஸ்பி வாயில் பச்சை பூத்திருந்தது. நீடாமங்கலத்தில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஆன் செய்யாமல் வைக்காதீர்கள். தினம் அரை மணி ஓடினால் அந்தச் சூட்டிலேயே ஈரம் ஓடிவிடும்.


வெண்ணாற்றுக்கரை
பிப்ரவரி 16, இரவு 10:30

முடிவு சொல்ல வந்தேன். கோர் 2 -5, கோர் 0 -12, மற்ற நான்கும் -25. பூஸ்ட் +100. ஆறு ராத்திரி கோர்சைக்ளர் ஓடியது, கடைசி இரண்டு ராத்திரி எந்தப் பிழையும் இல்லை. ரீஸ்டார்ட் நின்று பத்து நாள் ஆகிறது. சினிபெஞ்ச் 11,350. விட்டது 150 பாயிண்ட்.

பூச்சி இன்னும் வரவில்லை, நெல் சுணை வந்துவிட்டது. பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கிய அன்று ஜன்னலை மூட மறந்தேன். மறுநாள் முன் ஃபில்டரில் மஞ்சள் கம்பளி மாதிரி படிந்திருந்தது. தொட்டதும் கையெல்லாம் அரிப்பு. கார்டின் ஃபேனுக்குள்ளும் போயிருக்கிறது. சைக்கிள் கடை கம்ப்ரசரில் ஊதலாமா?


குடமுருட்டி
பிப்ரவரி 17, காலை 7:50

ஊதலாம், ஆனால் தூரத்திலிருந்து, பிரஷரைக் குறைத்து. டேங்க்கில் தேங்கிய தண்ணீரை முதலில் திறந்து விட்டுவிட்டு, காற்றைக் கொஞ்ச நேரம் தரையில் அடித்து ஈரம் வருகிறதா பாருங்கள். முக்கியமானது: ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்ற விட்டால் வேடிக்கையாக விர்ரென்று பாடும், பேரிங் போய்விடும்.

கண்ணாடி முகப்புக்குப் பதில் வலை முகப்பு கேபினட் வாங்கியிருக்கலாம் என்பதை இப்போது சொல்லவில்லை. சித்திரையில் நீங்களே சொல்வீர்கள்.


வெண்ணாற்றுக்கரை
மே 9, மாலை 4:10

குடமுருட்டி ஐயா, சொல்கிறேன்.

கத்திரி. அறைக்குள் பிற்பகல் இரண்டு மணிக்கு 37 டிகிரி. ஜனவரியில் நான் எல்லாவற்றையும் டெஸ்ட் செய்தது ராத்திரி பதினொன்றுக்கு மேல், 24 டிகிரியில். வெளிக்காற்று 13 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அதே 13 ஏறும் என்பது புத்திக்கு எட்டவே இல்லை. கேமில் 70ஐத் தொட்ட சிபியு 84. சினிபெஞ்ச்சில் நேராக 90க்குப் போய், அதற்கு மேல் போகாமல் வேகத்தை இறக்குகிறது. 4.1 கிகாஹெர்ட்ஸ். ஸ்கோர் 10,600. ஓவர்கிளாக் செய்யாத ஜனவரியைவிடக் குறைவு! பெட்டியோடு வந்த அந்தக் குட்டிக் கூலர் அலறுகிற சத்தத்தில் அப்பா கிரைண்டர் என்று நினைத்துவிட்டார்.

முன் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அதற்கே 5 டிகிரி குறைந்தது. தூசியும் பூச்சியும் வரும், தெரியும்.


கும்மோணத்தான்
மே 9, மாலை 5:00

ஒரு 120 மிமீ ஃபேன் வைத்த டவர் ஏர் கூலர் வாங்குங்கள், இரண்டாயிரத்துச் சொச்சம். வாட்டர் கூலிங் ஆசை வேண்டாம். 76 வாட்டுக்கு அது தேவையில்லை, பம்ப் போனால் சுத்தமாக நின்றுவிடும்.

பழைய கூலரைக் கழற்றும்போது இரண்டு விஷயம். முதலில் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் எடுத்த பிறகு கூலரை இடம் வலம் மெதுவாகத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு சிபியுவே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும். ஏஎம்4இல் ஊசி சிபியுவில்தான் இருக்கிறது, வளைந்தால் கண்ணீர்தான். இரண்டாவது, ஸ்க்ரூ எடுத்ததும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு நழுவி விழும். பயப்படாதீர்கள், பின்கதவைத் திறந்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.


வெண்ணாற்றுக்கரை
மே 18, இரவு 9:45

மாட்டியாயிற்று. தகடு விழுந்தது, பிடித்துவிட்டேன். அதே இரண்டு மணி வெயிலில் சினிபெஞ்ச் 76 டிகிரி, கேமில் 68. ஸ்கோர் 11,300. கார்டுக்கும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் கிளாக்கை ஏற்றாமல் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் இறக்கினேன், ஃபேன் சத்தம் பாதியாகிவிட்டது. ஃபிரேம்வேட்டைக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. ஸ்க்ரூவைத் தொட்டால் அந்த ஜிவ்வு. ஜனவரி அளவுக்கு இல்லை, லேசாக.


வயர்மேன் மாயூரம்
மே 19, காலை 6:20

கொல்லையில் எர்த் குழியைப் பாருங்கள். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை தங்கம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும், எர்த் செத்துவிடும். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு டெஸ்ட் லேம்ப் போடுங்கள். பிறகு மழை வரும்வரை வாரம் ஒரு தடவை ஊற்றுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது ஜிவ்வு கூடுகிறதா என்றும் பாருங்கள், அதன் எர்த்தையும் சேர்த்திருக்க வேண்டும்.


வெண்ணாற்றுக்கரை
மே 19, இரவு 8:30

குழி எங்கே என்று அப்பாவைக் கேட்டேன். தென்னை மரத்தடியில் அவர் விறகு அடுக்கி வைத்திருக்கும் இடம்தான் அது. விறகை எடுத்துப் பார்த்தால் குழாயைச் சுற்றி விரல் நுழைகிற அளவு வெடிப்பு. மூன்று குடம் ஊற்றியதும் குபுகுபுவென்று குடித்தது. லேம்ப் பளிச்சென்று எரிகிறது, ஜிவ்வு போயிற்று.

தென்னைக்குத் தண்ணீர் விடும்போது அதற்கும் விட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். விறகை எங்கே வைப்பது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு.